கடினம் வேறு, முறியாமை வேறு: எஃகு அல்லாத கத்தி அலகுகள் எவ்வளவு தாங்கும்?

கேள்வி இது: செராமிக் கத்தி எஃகைவிடக் கடினமானது என்றும், டைட்டானியம் எஃகைவிட உறுதியானது என்றும் விற்பவர்கள் சொல்கிறார்கள், அப்படியென்றால் எஃகு அல்லாத பொருளால் செய்த அலகு, எஃகு அலகைக் காட்டிலும் முறியாமலும், வாய் எனப்படும் வெட்டும் விளிம்பு பெயராமலும் தாங்குமா? நேரடியாகச் சொல்கிறேன். செராமிக் தாங்காது, இந்த ஒரு குணத்தில் அது எஃகின் அருகில்கூட வராது. டைட்டானியம் தாங்கும், பெரும்பாலான கத்தி எஃகுகளை மிஞ்சியே தாங்கும். ஆனால் அதில் கூர் நிற்காது. மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

குழப்பம் சொற்களில் தொடங்குகிறது. பேச்சில் நாம் உறுதி, கெட்டி, வலு என்று ஒன்றாகச் சொல்வதைப் பொருளறிவியல் மூன்றாகப் பிரிக்கிறது. கடினத்தன்மை என்பது மேற்பரப்பில் கீறலோ பள்ளமோ விழாமல் எதிர்க்கும் குணம். வலிமை என்பது எவ்வளவு விசை வரைக்கும் பொருள் நிரந்தரமாக வளையாமலோ உடையாமலோ நிற்கும் என்பது. மூன்றாவது, ஆங்கிலத்தில் டஃப்னஸ் எனப்படும் முறிவுத் தாங்குதிறன்: பொருளுக்குள் ஒரு விரிசல் ஏற்கெனவே இருக்கும்போது, அது மேலும் ஓடிவிடாமல் தடுக்கப் பொருள் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பதுதான் அது. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில் சன்னல் கண்ணாடியின் எண் ஏறத்தாழ 550. பல சாதாரணச் சமையலறைக் கத்திகளின் எஃகும் அதே அளவில்தான் இருக்கிறது. கடினத்தில் இரண்டும் சமம், கீழே விழும்போது மட்டும் ஒன்று சிதறுகிறது, மற்றொன்று ஓசையோடு நின்றுவிடுகிறது. அந்த வேறுபாடு முழுவதும் மூன்றாவது குணத்தில் இருக்கிறது.

இந்த மூன்றாவது குணத்தை எண்ணாக்கும் வழியை முதலில் காட்டியவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த வானூர்தி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கிரிஃபித். கண்ணாடி ஏன் அதன் அணுப் பிணைப்புகள் அனுமதிக்கும் அளவைவிட மிகக் குறைந்த விசையிலேயே உடைகிறது என்பதை ஆராய்ந்த அவர், கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களே அதற்குக் காரணம் என்று 1921இல் விளக்கினார். அதை உலோகங்களுக்கும் பொருந்தும்படி 1950களில் விரித்தவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் இர்வின். அவர் வழியாக வந்த எண்ணை மெகாபாஸ்கல் √மீட்டர் என்று எழுதுவார்கள். இனி அதைத் தாங்குதிறன் எண் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். கண்ணாடிக்கு இந்த எண் 0.7 முதல் 0.8 வரை. அலுமினா செராமிக்குக்கு 3 முதல் 4 வரை. கத்திகளில் பயன்படும், சிர்கோனியத்தின் ஆக்சைடான சிர்கோனியா செராமிக்குக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 வரை. ராக்வெல் சி என்ற மற்றொரு கடின அளவுகோலில் 60 அளவுக்குக் கடினப்படுத்திய கருவி எஃகுகளுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 வரை. கத்திகளில் அதிகம் காணப்படும் டைட்டானியக் கலவைக்கு (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம்) 50க்கு மேல்.

இந்த எண்கள் பார்வைக்குச் சிறியனவாகத் தோன்றினாலும் விளைவில் மிகப் பெரியவை. எவ்வளவு ஆழமான விரிசலைப் பொருள் பொறுத்துக்கொள்ளும் என்பது இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. வளைக்கும்போது அலகின் ஒரு முகத்தில் 1000 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு, அதாவது ஒரு குறிப்பிட்ட பரப்பின் மீது விழும் இழுவிசை, ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்குதிறன் எண் 6 உள்ள சிர்கோனியாவில், ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள ஒரு குறை இருந்தாலே அது அங்கிருந்து பிளந்து ஓடிவிடும். எண் 20 உள்ள எஃகில் அதே தகைவில் ஏறத்தாழ 125 மைக்ரோமீட்டர் வரை பொறுக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே தலைமுடி ஆழத்துக்கு ஒரு சாணைக் கீறல் குறுக்கே விழுந்திருந்தால், எஃகு அலகு அதைச் சட்டை செய்யாது; செராமிக் அலகு அதே வளைவில் இரண்டாகிவிடும். அந்த ஆழத்தில் உள்ள கீறலைக் கண்ணால் பார்த்து இது ஆபத்தானது என்று யாரும் ஒதுக்கப் போவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எஃகு இப்படிப் பொறுப்பதற்குக் காரணம் அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக்கூடியவை என்பதுதான். விரிசலின் நுனியில் தகைவு குவியும்போது, அந்த இடத்திலுள்ள உலோகம் சிறிதளவு இளகி உருமாறுகிறது. கூராக இருந்த விரிசல் நுனி மழுங்குகிறது. ஆற்றல் அந்த உருமாற்றத்திலேயே செலவாகிவிடுகிறது. செராமிக்கில் அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்புகள் வழுக்குதலை அனுமதிப்பதில்லை. அதே பிணைப்புகள்தான் அதற்கு அந்தக் கடினத்தைக் கொடுக்கின்றன. கடினத்தையும் தாங்குதிறனையும் ஒருசேரப் பெறுவது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது: வழுக்கலைத் தடுத்தால் கடினம் கூடும், தடுத்த அளவுக்கு விரிசலை மழுக்கும் வழியும் அடைபடும்.

ஆகவே எஃகோடு ஒப்பிடும்போது நியாயமான கேள்வி, எது அதிகம் தாங்கும் என்பது மட்டுமாக இருக்க முடியாது. கூர் நிற்பதற்குத் தேவையான கடினத்தில் எது அதிகம் தாங்கும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், எனக்குத் தெரிந்தவரை எஃகை முழுமையாக வெல்லும் பொருள் இன்றுவரை கத்தித் தொழிலுக்கு வந்து சேரவில்லை.

எஃகு என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே பொருளன்று. கொல்லர் காய்ச்சி, தோய்ச்சல் கொடுத்து, பிறகு மிதமான சூட்டில் மறுபடி பதமாக்கும்போது, ஒரே துண்டு எஃகு கண்ணாடி போல நொறுங்கும் நிலையிலிருந்து சுருள்வில் போலத் துள்ளும் நிலை வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம். கலவையும் பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. டி2 என்ற கருவி எஃகில், உலோகமும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான சேர்மமான கார்பைடின் துகள்கள், குறிப்பாகக் குரோமியம் கார்பைடு, பெரிதாகவும் மிகுதியாகவும் இருக்கின்றன. அவை தேய்மானத்தைத் தடுக்கும், ஆனால் விரிசல் தொடங்குவதற்கு இடமும் கொடுக்கும். சவர அலகுகளுக்காக உருவான ஏஇபி-எல் எஃகில் கார்பைடுகள் மிக நுண்ணியவை. அதே கடினத்தில் அது டி2ஐவிடப் பல மடங்கு அடி தாங்குகிறது. எஃகு அல்லாத பொருளை எஃகோடு ஒப்பிட்டு யாரேனும் ஒரு முடிவைச் சொன்னால், எந்த எஃகு, எந்தப் பதத்தில் என்று கேட்காமல் அந்த முடிவை ஏற்கக் கூடாது.

செராமிக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் கதை வியப்புக்குரியது. தூய சிர்கோனியா சூளையிலிருந்து ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறி, பருமன் 4 முதல் 5 சதவீதம் வரை விரிவதால் தானாகவே வெடித்துவிடும். மூன்று மோல் சதவீத அளவுக்கு இட்ரியம் ஆக்சைடு சேர்த்தால், அந்த மாற்றம் நிகழாமல் உயர்வெப்ப அமைப்பு அறை வெப்பத்திலும் உறைந்து நிற்கிறது. விரிசல் ஒன்று நெருங்கும்போது அந்த நுனியைச் சுற்றியுள்ள நுண்படிக மணிகள் மட்டும் சட்டென்று மாறி விரிகின்றன. விரிந்த மணிகள் விரிசலின் வாயை இருபுறமிருந்தும் அழுத்தி மூடுகின்றன. சிர்கோனியாவில் இந்த வழியை 1975இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவர் ஆஸ்திரேலியாவில் வெளிப்படுத்தினார்கள். செராமிக் என்ற பொருளால் கத்தி செய்ய முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கண்டுபிடிப்பே அடிப்படை. ஆனாலும் அது செராமிக்குகளுக்குள் சிறந்தது என்ற அளவிலேயே நிற்கிறது. சிர்கோனியாவின் யங் குணகம், அதாவது வளையாமல் விறைத்து நிற்கும் அளவு, எஃகை ஒட்டி 210 கிகாபாஸ்கல் அளவில் இருப்பதால் இரண்டையும் ஆற்றல் கணக்கில் நேராக ஒப்பிடலாம்: விரிசல் ஒரு சதுர மீட்டர் பரப்பில் பரவ, எண் 6 உள்ள சிர்கோனியாவில் ஏறத்தாழ 170 ஜூல் போதும், எண் 20 உள்ள எஃகில் ஏறத்தாழ 1900 ஜூல் வேண்டும்.

என்னிடம் இருந்த வெள்ளைச் செராமிக் கத்தி ஒன்றின் முனை ஒருமுறை வெட்டுபலகையில் செங்குத்தாக இறங்கி நின்றுவிட்டது. அதை எடுக்கப் பிடியைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்தேன். பெரிய விசை ஒன்றும் கொடுக்கவில்லை. மெல்லிய ஓசையோடு முனையில் அரை விரற்கடை அளவு பலகையிலேயே தங்கிவிட்டது. உடைந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, கோடு தெரியாமல் பொருந்தின. வளைந்த அடையாளமோ, இழுபட்ட அடையாளமோ எதுவுமில்லை. பொருள் உடைவதற்கு முன் சிறிதும் உருமாறவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மீதியிருந்த வாயைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். பிறை நிலா வடிவில் சிறு சிறு சில்லுகள் வரிசையாகப் பெயர்ந்திருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் சிப்பியின் உட்புறம் போல வளையங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்த எஃகுக் கத்தியில் அப்படி ஒரு பள்ளமும் இல்லை. மழுங்கிய இடத்தில் வாய் ஒரு பக்கமாக மடங்கி, விளக்கொளியில் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னியது. மடங்கிய வாயைத் தீட்டுகோலில் நாலு இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். பெயர்ந்த சில்லைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சில்லின் ஆழம் வரை முழு வாயையும் வைரச் சாணையில் தேய்த்து இறக்க வேண்டும்.

செராமிக் கத்தியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் வலிமை, உள்ளே தற்செயலாக அமைந்த மிகப் பெரிய குறையைப் பொறுத்தது என்பதால், ஒரே நாளில் ஒரே சூளையில் வெந்த இரண்டு அலகுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற உறுதி இல்லை. ஒருவர் பத்தாண்டு புழங்கினேன் என்பதும், இன்னொருவர் முதல் வாரமே உடைந்தது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். எலும்பு, உறைந்த இறைச்சி, நெம்புதல், முறுக்குதல் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. மெல்லிய பொருளை நேராக அழுத்தி அறுப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டால், விக்கர்ஸ் 1250 அளவிலான அதன் கடினம் தேய்மானத்தை நீண்ட நாள் தள்ளிப்போடும். ராக்வெல் சி 60 எஃகு விக்கர்ஸ் கணக்கில் ஏறத்தாழ 700 மட்டுமே.

டைட்டானியம் இதற்கு நேர் மறுதலை. முன்பு சொன்ன கலவை ராக்வெல் சி 36ஐ ஒட்டியே கடினமாகிறது. அதை வளைக்கலாம், நெம்பலாம், கடுங்குளிரில் அடிக்கலாம், முறிவது அரிது. குளிரில் எஃகுக்கு இல்லாத ஓர் அனுகூலமும் இதற்கு உண்டு: சாதாரண எஃகுகள் வெப்பநிலை இறங்க இறங்க ஒரு கட்டத்தில் திடீரென்று நொறுங்கும் குணம் கொள்கின்றன, டைட்டானியத்தில் அத்தகைய திடீர் வீழ்ச்சி இல்லை. கடல் நீரில் துருப்பிடிக்காது, காந்தத்தால் ஈர்க்கப்படாது. ஆகவே நீர்மூழ்குவோரும் கண்ணிவெடி அகற்றுவோரும் அதை நாடுகிறார்கள். ஆனால் அதன் வாய் சில அறுப்புகளிலேயே மடங்கிவிடும். இதைச் சரிசெய்ய, வாயின் ஒரு முகத்தில் மட்டும் மின்பொறியால் டங்ஸ்டன் கார்பைடைப் படியவைக்கும் முறை ஒன்று உண்டு. மென்மையான முகம் முதலில் தேய, கார்பைடு விளிம்பு ரம்பம் போல வெளியே நீட்டி நிற்கும். கயிறு அறுக்க அது நன்றாகவே உதவுகிறது, மழமழப்பான வெட்டுக்கு உதவாது. டைட்டானியத்தின் யங் குணகம் எஃகில் பாதியளவே என்பதால், அதே தடிமனில் அலகு இரு மடங்கு வளைந்து கொடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கோபால்ட் கலவைகள் எனக்கு மிகப் பிடித்த விதிவிலக்கு. 1907இல் எல்வுட் ஹேய்ன்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற கோபால்ட் குரோமியம் கலவையிலிருந்து வளர்ந்தது ஸ்டெல்லைட் குடும்பம். ராக்வெல் கணக்கில் அது நாற்பதை ஒட்டியே நிற்கும்; எண்ணை மட்டும் பார்த்தவர் ஒதுக்கிவிடுவார். ஆனால் மென்மையான கோபால்ட் உடலுக்குள் மிகக் கடினமான கார்பைடு துகள்கள் பதிந்திருப்பதால், தேய்மானத்தில் அது தன் கடின எண்ணுக்கு மேலாக நடந்துகொள்கிறது. தாங்குதிறனில் அது செய்யப்பட்ட விதம் முக்கியம்: வார்த்த நிலையில் கார்பைடுகள் வலைப்பின்னலாகச் சேர்ந்து விரிசலுக்குப் பாதை அமைக்கின்றன, உருட்டித் தகடாக்கும்போது அந்த வலை உடைந்து தனித்தனித் துகள்களாகிறது, தாங்குதிறனும் தெளிவாக உயர்கிறது. இந்தக் கலவையில் கத்தி வாங்குபவர் வார்ப்பா, உருட்டிய தகடா என்று கேட்டறிவது அவசியம். மிக மெல்லிய வாயாகத் தீட்டினால் மடங்கும் என்பது அதன் எல்லை.

எடையில் 60 சதவீதம் நிக்கல் கொண்ட நிக்கல் டைட்டானியம் கலவை, சரியாகக் காய்ச்சித் தோய்த்தால் ராக்வெல் சி 58 முதல் 62 வரை எட்டுகிறது, துருப்பிடிப்பதில்லை. எண்களைக் கேட்டால் எஃகுக்கு மாற்று கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அதன் மீள்தன்மை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், ஒரு கூரிய விரிசல் தொடங்கிவிட்டால் அதைத் தடுக்கும் திறன் அதே கடினத்தில் உள்ள நல்ல எஃகைவிடக் குறைவு. விரிசல் தொடங்காதவரை வளைந்து மீள்வது ஒரு குணம், தொடங்கிய விரிசலை நிறுத்துவது இன்னொரு குணம். இந்தக் கலவை முதலாவதில் வலியது. சிர்கோனியத்தை அடிப்படையாகக் கொண்ட, அணுக்கள் படிகமாக அடுக்கப்படாமல் கண்ணாடியில் போல ஒழுங்கின்றி உறைந்த உலோகமான உலோகக் கண்ணாடியும் ஏறத்தாழ அப்படித்தான். 1993இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பெக்கரும் ஜான்சனும் அறிவித்த கலவையின் வழிவந்த அலகுகள் இரண்டு சதவீதம் வரை மீள்திரிபு கொள்கின்றன, அதாவது அவ்வளவு நீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எஃகில் அது ஒரு சதவீதத்தையே எட்டுவது கடினம். மெதுவாகச் சோதித்தால் தாங்குதிறன் எண்ணும் உயர்வாகவே கிடைக்கும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதும் உருமாற்றம் முழுவதும் ஒரு மெல்லிய பட்டையில் குவிந்து, முன்னறிவிப்பின்றி வெட்டுண்டு போகிறது. வார்க்கும்போது சிறிதளவு படிகம் கலந்துவிட்டாலும் தாங்குதிறன் வெகுவாகச் சரிகிறது.

டங்ஸ்டன் கார்பைடைக் கோபால்ட்டில் பிணைத்த பொருளை முழு அலகாகச் செய்வது அரிது. கோபால்ட் விகிதத்தைக் கூட்டினால் தாங்குதிறன் எண் பத்துக்குக் கீழிருந்து இருபதுக்கு மேல் வரை ஏறும், ஆனால் கடினம் அதற்கேற்ப இறங்கும். எஃகு அலகின் வாயில் மட்டும் மெல்லிய கார்பைடு படலம் வைப்பதே புத்திசாலித்தனமான பயன்பாடு, ஏனெனில் அங்கே எஃகு உடல் தாங்குகிறது, கார்பைடு தேய்மானத்தைப் பார்த்துக்கொள்கிறது. பெரிலியம் செம்பு பதமாக்கிய பிறகு ராக்வெல் சி 40ஐ ஒட்டி நிற்கும். தீப்பொறி எழுப்பாது, நன்றாகத் தாங்கும், கூர் சுமார்தான். அதைத் தீட்டும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் உலர்ந்த நிலையில் சாணை பிடிக்கவே கூடாது. வெண்கலம் உடைவதற்கு முன் வளையும். எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியனின் விளிம்பு சில நானோமீட்டர் தடிமனுக்கு மெலியக்கூடியது, எந்த எஃகும் அந்தக் கூரை எட்டுவதில்லை. தாங்குதிறன் எண்ணோ ஒன்றுக்கும் கீழே.

பொருளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் தவறான திசையில் இழுத்துவிடும். முதுகிலிருந்து வாய் வரை அலகு எவ்வளவு மெலிகிறது, வாயின் கோணம் எவ்வளவு என்பவை, பொருளின் குணத்துக்கு நிகராக முறிவைத் தீர்மானிக்கின்றன. நல்ல எஃகையும் அளவுக்கு மீறி மெலிவாகத் தீட்டினால் எலும்பில் பட்டதும் சில்லு பெயரும். ஆகவே உங்கள் எஃகுக் கத்தியின் வாய் அடிக்கடி பெயர்கிறது என்பதுதான் இந்தக் கேள்விக்குத் தூண்டுதல் என்றால், முதலில் வாயின் கோணத்தை ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று பாகை கூட்டித் தீட்டிப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் கார்பைடு குறைந்த, நுண்மணி எஃகு ஒன்றுக்கு மாறுங்கள். துருவும் காந்தமும் உண்மையான இடைஞ்சலாக இருக்கும் வேலை என்றால் உருட்டிய கோபால்ட் கலவையையோ, மழுங்கலைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் டைட்டானியத்தையோ தேர்ந்தெடுங்கள். வாய் பெயர்வதைத் தவிர்ப்பதற்காகச் செராமிக்குக்குப் போக வேண்டாம். அந்தக் குறை அங்கே இன்னும் பெரிதாகவே காத்திருக்கிறது.